இங்கிலீசுக்காரர் வீட்டுப் பின்படி

சுவிசில் லோசான் நகரத்துக்கு மேலே, பஸ் போய்த் திரும்புகிற கடைசித் தரிப்பிலிருந்து கொஞ்சம் நடந்தால், காட்டுக்குள் ஓர் இங்கிலீசுக்காரருடைய மாளிகை இடிந்து கிடக்கிறது. மாளிகை என்று நான் சொல்வது அது இருந்த இருப்பை வைத்து. இப்போது நாலு சுவரும், கூரை இல்லாத ஒரு கோபுரமும், அறைகளுக்குள் முளைத்த மரங்களும்தான். பணம் மிஞ்சிய ஒரு துரை, தன் நாட்டில் தகப்பன் இருந்த வீட்டைப் போலவே ஒன்றை வாவியைப் பார்த்தபடி இங்கே கட்டுவித்தாராம். நெருப்புப் பிடித்ததாம். திருத்திக் கட்ட ஒருவரும் வரவில்லையாம். வாசலில் நட்டிருந்த பலகையை மகள் வாசித்து எனக்குச் சொன்னாள். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். பிரெஞ்சுக்கு எங்கே போவது?

அங்கே நான் ஒரே ஒரு தரம் போனேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஐப்பசி மாதம், இலை கொட்டத் தொடங்கியிருந்தது. இடிந்த வீடு பார்க்கப் போகிற ஆள் நான் இல்லை. ஊரில் இடிந்த வீடுகளைப் பார்த்துப் பார்த்துத்தானே ஓடிவந்தோம். மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள், அதற்காகப் போனேன்.

மகளுக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் சீலை தோய்க்கிற பகுதியில் வேலை. நிறம், முகவெட்டு, நீட்டு மயிர் எல்லாம் என் தாயைக் கொண்டவள். ஒரு குறைதான். ஊரில் ஷெல் விழுந்தபோது ஒரு சிதறல் அவளுடைய இடது கணுக்காலுக்குள் போனது. எலும்பு கோணலாகப் பொருந்தி, அந்தக் கால் ஒரு சொட்டு நீளம் குறைந்து கட்டையாகிவிட்டது. சமதரையில் நடந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஏறினாலும் தெரியாது. இறங்கும்போதுதான் பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, மற்றக் காலை இழுத்துக்கொள்ள வேண்டும்.

சமதரையில் தெரியாது என்றேனே, அது தானாக வந்த காரியமில்லை. நான் பழக்கியது. கட்டு அவிழ்த்த நாளிலிருந்து, சுவிசுக்கு வந்து குடியிருந்த வீட்டு நடையிலும், நான் முன்னே நின்று அவளை நடக்க வைப்பேன். "தோளை விழவிடாதை. இடுப்பை ஆட்டாதை. நேரா என்னைப் பாத்து வா." அழுவாள். அழுதுகொண்டும் நேராக நட என்பேன். செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து இடது செருப்பின் குதிக்குள் ஒரு தோல் துண்டு வைப்பித்தேன். ஒரு தாய் அதைச் செய்யாமல் வேறு யார் செய்வது? நொண்டி என்று ஒரு பெயர் விழுந்தால் அதை எடுக்க எந்த ஆஸ்பத்திரியாலும் ஏலாது.

சூரிச் மாப்பிள்ளையை எங்களுக்குக் கொண்டுவந்தவள் லோசானில் சாமான் கடை வைத்திருந்த ஒரு பிள்ளை. மாப்பிள்ளைக்கு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை, நல்ல விசா, குடி இல்லை. தகப்பன் இல்லை, தாய் அவனோடு இருக்கிறா. கலியாணக் கதை முழுக்கத் தமக்கையின் கையில். சாதகமும் பொருந்திவிட்டது.

"கால் விசயத்தைச் சொல்லுவமோ?" என்று நான் கடைக்காரப் பிள்ளையிடம் கேட்டேன்.

"உங்களுக்கென்ன விசரோ அம்மா?" என்றாள் அவள். "கேட்டாச் சொல்லுவம். கேக்காட்டி ஏன் வாயைக் குடுப்பான்? தாலி ஏறினாப் பிறகு எந்த ஆம்பிளை கணுக்காலைப் பாத்துக்கொண்டிருக்கிறான்?"

அவர்கள் கேட்கவில்லை. நாங்கள் சொல்லவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பெண் பார்க்க வீட்டுக்கு வந்து, பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால், பெண்ணுக்கு இழுக்கு. அதனால் கோயிலிலோ, பூங்காவிலோ, யாருடைய பிறந்தநாளிலோ இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்திப்பார்கள். எதற்காக வந்தோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. சாமி கும்பிட வந்தோம், படம் எடுக்க வந்தோம் என்றுதான் கடைசிவரை நிற்க வேண்டும். பிடித்தால் பிறகு தரகு பார்த்தவளிடம் சொல்லியனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் ஒன்றும் நடக்காதது போலப் போகலாம். இது பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற ஏற்பட்ட வழக்கம்.

தமக்கைதான் இடத்தைச் சொன்னவ. லோசானுக்கு மேலே ஒரு பழைய இங்கிலீசுக்காரர் மாளிகை இருக்குதாம், பார்க்க வேண்டுமென்று கன நாளாய் ஆசையாம். கடைக்காரப் பிள்ளை அதை என்னிடம் சொன்னபோது எனக்கு மனதுக்குள் ஒரு மதிப்பு வந்தது. பரவாயில்லை, கடைத்தெருவிலோ ரயில் நிலையத்திலோ பெண் பார்க்க நினைக்காத, தரம் தெரிந்த ஆட்கள் என்று நினைத்தேன். மாளிகை என்றால் பளிங்குத் தரையும் கதிரைகளுமாய் இருக்கும், வெள்ளைக்காரர் தேத்தண்ணி ஊற்றுவார்கள் என்று எண்ணிக்கொண்டு மகளுக்கு மயில்கழுத்துப் பட்டுச் சேலை கட்டிவிட்டேன். தோல் வைத்த செருப்பை மினுக்கிக் கொடுத்தேன். விடிய எழும்பி, கறி வைத்து ரோல்ஸ் சுற்றிப் பொரித்தேன். சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி.

நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர்கள் அங்கே நின்றிருந்தார்கள். தமக்கை நாற்பது வயது, தோல் கோட்டு, கழுத்தில் கமரா, காலில் ஓடுகிற சப்பாத்து. அந்தச் சப்பாத்தை நான் கவனித்திருக்க வேண்டும். புருஷன்காரன் கையில் சாப்பாட்டுப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை பின்னால், ஜக்கெட் பைக்குள் இரண்டு கையையும் விட்டபடி. உயரம். முன்மயிர் கொஞ்சம் போய்விட்டது. மற்றப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை.

"அட! அம்மா, நீங்களும் இங்கையோ? என்ன அதிசயம் இது!" என்றா தமக்கை.

"ஓம் பிள்ளை. மேளுக்கு லீவு. சும்மா பாத்திட்டுப் போவமெண்டு வந்தனாங்கள்."

"நாங்களும் அப்பிடித்தான். சும்மா."

விடியற்காலை சூரிச்சில் ரயிலேறிச் சும்மா வந்த ஆட்கள்.

காட்டுப் பாதையால் நடந்தோம். ஈர இலை. மகள் என்னைப் பார்த்தாள், நான் தலையை ஆட்டினேன். நன்றாகத்தான் நடந்தாள். தமக்கை ஒரு தரம் பின்தங்கி நின்று, சப்பாத்துக் கயிறு கட்டுகிறேன் என்று குனிந்தா. குனிந்தபோது அவவின் கண் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பார்க்கட்டும், ஒன்றும் கிடைக்காது என்று நானும் நிமிர்ந்து நடந்தேன்.

அந்த இடத்தைக் கண்டதும் எனக்கு உள்ளுக்குள் சீ என்று போய்விட்டது. பளிங்கும் இல்லை, கதிரையும் இல்லை. வாசல் நிலை மட்டும் பெரிய கல்லில் நிற்கிறது, அதற்குள் போனால் ஆகாயம். மேல்வீட்டுத் தரை எல்லாம் எரிந்து விழுந்துவிட்டதால், மேல் அறையின் குளிர்காயும் அடுப்பு சுவரின் நடுவில் அந்தரத்தில் தொங்கியது. அதன் வாய்க்குள் ஒரு காகம் இருந்தது.

"அந்த அடுப்பில சமைக்கிறதெண்டா ஏணி வைச்சுத்தான் உலை ஏத்தவேணும்," என்றார் புருஷன்காரன்.

"உங்களுக்கு எங்க போனாலும் உலைதான்," என்றா தமக்கை. மகள் சிரித்தாள். மாப்பிள்ளை அவள் சிரித்ததைப் பார்த்தான். அதையும் நான் கண்டேன். இந்தக் காரியம் சரிவரும் என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் பட்டது.

துரையும் துரைசாணியும் ஏறி இறங்கிய முன்படி மரத்தால் செய்ததாம், சாம்பலாய்ப் போய்விட்டது. சமையல்கட்டுக்குப் பின்னால் வேலைக்காரருக்கென்று கட்டிய கல்படி மட்டும் அப்படியே நின்றது. வேலைக்காரர் போய் வருவது எசமான் கண்ணில் படக்கூடாது என்று சுவரோடு ஒட்டி, ஒடுக்கமாக, செங்குத்தாகக் கட்டியிருந்தார்கள். இப்போது படியை மறைத்த சுவர் விழுந்துவிட்டதால் படி முழுவதும் வெளியே தெரிந்தது. கைபிடி இல்லை. மேலே கோபுரத்தின் பக்கத்தில் ஒரு மேடை, அதில் நகரசபைக் கந்தோர்க்காரர் இரும்பு வேலி போட்டிருந்தார்கள். அங்கே நின்றால் வாவி தெரியும்.

தமக்கை வாசலால் உள்ளே வந்தவ, இடப்பக்கம் வலப்பக்கம் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய், வாசலிலிருந்து கண்ணில் படாத அந்தப் படியடியில் நின்றுகொண்டு, "இதாலை வாருங்கோ," என்று கூப்பிட்டா.

"தங்கச்சி, மேல ஏறினா வாவி முழுக்கத் தெரியும். நீங்கள் ஏறுங்கோ, நான் கீழ நிண்டு ஒரு படம் எடுக்கிறன்."

"காத்தடிக்குது பிள்ளை, சேலை பறக்கும்," என்றேன்.

"காத்துக்குப் பயந்து பாக்காமல் போறதோ அம்மா? மாளிகை பாக்கத்தானே வந்தனீங்கள்? வேற என்னத்துக்கு வந்தனீங்கள்?"

எங்கள் வழக்கம் என் வாயைப் பொத்திவிட்டது. பெண் காட்ட வந்தோம், மாளிகை பார்க்க வரவில்லை என்று சொன்னால் நான்தான் மானம் கெட்டவள். மாளிகை பார்க்க வந்த பெண் படியேற மாட்டேன் என்றால் ஏன் என்று கேள்வி வரும்.

மகள் ஏறினாள். ஏறுவதில் அவளுக்குக் குறை இல்லை. "நடுவில ஒரு கல் ஆடும், பாத்து!" என்று தமக்கை கத்தினா. பிறகு தம்பியைப் பார்த்து, "நீயும் போவன். மேல நிண்டு அந்தப் பிள்ளைக்குத் துணையா நில்," என்றா. அவனும் ஏறினான்.

புருஷன்காரன் என் பக்கத்தில் வந்து நின்று, ஆகாயத்தைப் பார்த்து, "இண்டைக்கு நல்ல வெயில். போன ஞாயிறு நாங்கள் வந்து பாக்கேக்கை ஒரே மழை," என்றார்.

தமக்கை திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த மனிசனுடைய வாய் மூடிக்கொண்டது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கேயோ, ரயில் நிலையத்துச் சுரங்கப் படியிலோ ஆஸ்பத்திரிப் படியிலோ, யாரோ என் பிள்ளை இறங்குவதைப் பார்த்துக் கதை கொண்டுபோயிருக்கிறார்கள். கேட்டால் நாங்கள் இல்லை என்போம் என்று நினைத்து, கேட்காமலே காண வந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு கிழமை முன்னரே வந்து, கைபிடி இல்லாத படி தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மாட்டை வாங்குகிறவன்கூட மாட்டுக்காரன் முன்னால்தான் நடத்திப் பார்ப்பான்.

படம் எடுத்தா. ஒன்று, இன்னும் ஒன்று. "சரி தங்கச்சி, இனி இறங்குங்கோ. சாப்பிடுவம்."

நான் கீழிருந்து மகளைப் பார்த்தேன். இறங்காதே என்று கண்ணால் சொன்னேன். "நில் பிள்ளை, ஆறுதலாப் பாத்திட்டு வா!" என்று வாயாலும் சொன்னேன். தமக்கையிடம், "அங்காலை துரையின்ரை பூந்தோட்டம் இருந்த இடமாம். வாருங்கோ, நாங்கள் அதைப் பாப்பம்," என்றேன். ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் பிள்ளை இறங்கிவிடுவாள் என்று கணக்கு.

"எனக்குக் கால் உளையுது அம்மா. நான் இங்கையே இருக்கிறன்," என்றா தமக்கை. கால் உளைகிறதாம். பைக்குள்ளிருந்து ஒரு விரிப்பை எடுத்து, படி முடிகிற இடத்துக்கு நேரே விரித்து, மேலே முகம் பார்க்க உட்கார்ந்தா. "நீங்களும் இருங்கோ. உதென்ன பையுக்குள்ள, ரோல்ஸோ? தாருங்கோ, பசிக்குது."

என் கையால் சுற்றிய ரோல்ஸை என் கையாலேயே கொடுத்தேன். கொடுக்காமல் விட முடியுமா? ஒவ்வொரு கடியாகக் கடித்து, மென்று, மேலே பார்த்துக்கொண்டிருந்தா. படம் ஓடுகிற கொட்டகையில் இருக்கிற மாதிரி. நான் உட்காரவில்லை. மேலே இருவரும் வேலியைப் பிடித்தபடி கதைத்துக்கொண்டு நின்றது தெரிந்தது. கன நேரம் கதைத்தார்கள். அவன்தான் கூடுதலாகக் கதைத்தான். ஒரு தரம் அவள் முகத்தைத் திருப்பி வாவியைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்னப்பா, இவ்வளவு நேரமாக் கொத்துரொட்டி போடுறாங்களோ அங்கை?" என்று புருஷன்காரன் முணுமுணுத்தார்.

மகள் இறங்கத் தொடங்கினாள். முதலில் நான் பழக்கியபடி நேராக. தோள் விழவில்லை. இடுப்பு ஆடவில்லை. ஆனால் முகம் வெளுத்துவிட்டது. ஒவ்வொரு படிக்கும் அந்தக் கணுக்கால் என்ன பாடு படுகிறது என்று எனக்குத் தெரியும். பாதி தூரம் வந்தவள் நின்றாள். சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தாள். விழப்போகிறாள் என்று நான் ஓடினேன். அவள் விழவில்லை. செருப்பைக் கழற்றினாள். இரண்டு செருப்பையும் ஒரு கையில் பிடித்து, மற்றக் கையால் சேலைக் கொய்யகத்தைத் தூக்கி, கணுக்கால் தெரிய, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, மற்றக் காலை இழுத்து, அப்படியே இறங்கினாள். எல்லாரும் பார்க்க. கோணல் எலும்பும் அந்தத் தழும்பும் வெயிலில் தெரிய.

தமக்கை ரோல்ஸை விழுங்கிவிட்டுக் கேட்டா: "ஏன் தங்கச்சி, செருப்புக் கடிக்குதோ?"

"இல்லை அக்கா. கால் அப்பிடித்தான்," என்றாள் மகள்.

அப்போது எனக்கு வந்த கோபம் தமக்கையில் பாதி, இவளில் பாதி. இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்ததை ஒரு நிமிஷத்தில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாளே.

தமக்கை விரலைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா. வழக்கத்தை முறித்தவ அவதான். "அம்மா, மறைச்சுப் போட்டியளே."

"நீர் கேட்டனீரோ?" என்றேன். "கேக்காத கேள்விக்கு மறுமொழி சொல்லுற பழக்கம் எங்கட பகுதியில இல்லை."

"கேட்டிருந்தா உண்மை சொல்லியிருப்பியளோ?"

"கேக்கிற நேர்மை இருந்திருந்தா, சொல்லுற நேர்மையும் இருந்திருக்கும். போன ஞாயிறு வந்து படி பாத்தவை நேர்மையைப் பற்றிக் கதைக்கக் கூடாது."

புருஷன்காரன் சுடுதண்ணிப் போத்தலின் மூடியைத் திறக்கவும் பயந்து கையில் வைத்திருந்தார். தமக்கைக்கு முகம் ஒரு சொட்டும் மாறவில்லை.

"கோபிக்காதைங்கோ. நாங்கள் வேண்டாமெண்டு சொல்லேல்லை," என்றா. "எங்கட அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு. படுக்கைதான். எனக்கும் வேலை, தம்பிக்கும் வேலை. ஆள் வேணும். உண்மையைச் சொல்லுறன், நாங்கள் கால் சுகமான பிள்ளையைத் தேடேல்லை. கால் சுகமானது எங்கட அம்மாவோட இராது. ஓடியிடும்."

"ஓடுமெண்டு எப்பிடித் தெரியும்?"

"ஏனெண்டா ஒருத்தி ஓடினவள். தம்பி முதல் ஒரு பிள்ளையைக் கட்டினவன். கொஞ்ச நாள் இருந்தவள், ஒரு நாள் வேலைக்குப் போறனெண்டு போனவள்தான். பிரிச்சு எழுதியாச்சு."

அதையும் எங்களிடம் சொல்லவில்லை. தாய் படுக்கை என்பதையும் சொல்லவில்லை. என் பிள்ளையின் அரை விரல் அளவு எலும்புக் கோணலைக் கண்டுபிடிக்கக் காட்டுக்குள் படி தேடியவர்கள், ஒரு முழுப் பெண்சாதியை மறைத்து வைத்திருந்தார்கள்.

"இரண்டாந்தாரத்துக்குப் பிள்ளை குடுக்க நாங்கள் கெட்டுப்போகேல்லை," என்றேன். "அதுவும் பீ மூத்திரம் அள்ள. உமக்கு வேண்டியது மச்சாள் இல்லை, வேலைக்காரி. அதுதான் பொருத்தமா வேலைக்காரற்றை படியா பாத்து ஏத்தினனீர். எழும்பு பிள்ளை, போவம்."

அந்தக் கதையின் முனை போய்த் தைத்தது. தமக்கைக்கு அப்போதுதான் முகம் கறுத்தது. எனக்கு அது போதும். நான் வென்றுவிட்டேன் என்று பையைத் தூக்கினேன்.

மகள் எழும்பவில்லை. படியின் கடைசிக் கல்லில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவளுக்குப் பின்னால் இரண்டு படி மேலே நின்றான். அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அவனிடம் கேட்டாள்:

"உங்கட வீட்டுக்கு லிஃப்ட் இருக்கோ?"

"இருக்கு," என்றான்.

"அப்ப சரி."

அவ்வளவுதான். என் மகளுடைய கலியாணம் அந்த ஒரு சொல்லில் முடிவாகிவிட்டது. தமக்கை எழும்பி அவளைக் கட்டிப்பிடிக்கப் போனா. மகள் கையில் இருந்த செருப்பை நடுவில் வைத்துக்கொண்டாள். "மற்றதெல்லாம் பிறகு கதைப்பம் அக்கா. முதல் எனக்கு ஒரு ரோல்ஸ் தாருங்கோ," என்றாள்.

பஸ்ஸில் நான் யன்னல் பக்கம் இருந்தேன். அப்படி என்ன கதைத்தீர்கள் என்று பாதி வழியில் கேட்டேன். மேலே நின்று அவன் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டானாம். முதல் கலியாணத்தை, தாயை, தமக்கை படி பார்த்து வைத்ததை. "நீங்கள் இறங்கவேண்டாம், நான் கால் பிரண்டு போச்செண்டு கத்திறன், அவை என்னைப் பாக்க நீங்கள் இறங்குங்கோ" என்றானாம். இவள் வேண்டாம் என்றாளாம்.

"ஏன் வேண்டாமெண்டனி?" என்றேன். "அவன் மறைக்க வழி சொன்னவன். நீ ஏன் செருப்பைக் கழட்டிப்போட்டு நாடகம் ஆடினனி? பீ அள்ளுறதுக்கு அவ்வளவு ஆசையோ?"

"அந்த வீட்டில நான் நொண்டலாம் அம்மா."

"நொண்டுறதுக்கு ஒரு கலியாணமோ?"

பஸ்ஸில் வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி எங்கள் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தாள். மகள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியதால் அது இன்னும் நன்றாகக் கேட்டது.

"ஷெல் ஒரு தரம்தான் விழுந்தது. நீங்கள் ஒவ்வொரு நாளும்."

அதற்குச் சொல்ல எனக்கு மறுமொழி இருந்தது. நான் நடக்கப் பழக்கியிராவிட்டால் அந்த மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கவே மாட்டான், அந்தப் பட்டுச் சேலையும் அந்தச் சிரிப்பும் யார் கொடுத்தது என்று கேட்க இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் பெற்ற பிள்ளை வாயால் வந்த அந்தச் சொல்லுக்குப் பிறகு எந்த ஞாயமும் எடுபடாது. இறங்கவேண்டிய இடம் வந்தது. அவள் முன்னால் இறங்கினாள். நடைபாதையில் எல்லாரும் பார்க்கச் சாய்ந்து சாய்ந்து நடந்து போனாள். நான் அவளுக்குப் பின்னால் நேராக நடந்தேன்.

கலியாணம் தை மாதம் சூரிச்சில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மணவறைப் படியில் அவளை ஏற்றி இறக்கத் தமக்கைதான் கை கொடுத்தா. கை கொடுக்கிற போட்டோவும் எடுப்பித்தா. நான் பெண்ணின் தாய்க்கு உரிய இடத்தில் நின்று, உரிய சேலை உடுத்து, வந்தவர்களுக்குச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் ஒரு தரம் போனேன், பங்குனியில். மகளிடம் சொல்லாமல்தான் போனேன். ட்ராமில் ஏறி, விலாசத் துண்டைக் காட்டிக் காட்டி விசாரித்து, கண்டுபிடித்தேன். மருமகன் வேலைக்குப் போயிருந்தான். சம்பந்தி அம்மா படுக்கையில். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் நாக்கு நன்றாக வேலை செய்தது.

"உம்மட மேள் வாறது எனக்குச் சத்தத்தில தெரியும்," என்றா. "டொக், சர். டொக், சர். முந்தினவள் பூனை மாதிரி வருவாள். வந்து தலைமாட்டில நிண்டாலும் தெரியாது. எனக்குப் பயமாயிருக்கும். இவள் நல்லவள்."

என் பிள்ளையின் நடையை இன்னொருத்தி வாயால் காட்டிச் சொல்லிக் கேட்க நான் உயிரோடு இருந்தேன். மகள் கதவடியில் நின்று கேட்டுச் சிரித்தாள். அந்தக் கிழவியை ஒரு கையால் அணைத்துப் புரட்டி, விரிப்பை உருவி, புது விரிப்புப் போட்டாள். ஆஸ்பத்திரிச் சீலையில் பழகிய கை. முகத்தில் அலுப்பு இல்லை. கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள்.

வீட்டைச் சுற்றிக் காட்டினாள். குசினி, கூடம், இரண்டு படுக்கை அறை. கடைசியில் இன்னுமொரு சின்ன அறை. யன்னலால் மரம் தெரிந்தது.

லோசானில் நான் தனிய. அவள் சம்பளம் இல்லாமல் நாங்கள் இருந்த வீட்டு வாடகை எனக்குக் கட்டாது, அதை விட்டுவிட்டு ஓர் அறைக்கு மாறியிருந்தேன். சாப்பாட்டு மேசையில் இருந்து, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, சமயம் பார்த்துக் கேட்டேன். ஒருவரிடமும் ஒன்றும் கேட்டுப் பழகாத வாய், அதனால் சொல் சரியாக வரவில்லை.

"நானும் வந்து இங்கை நிக்கட்டோ? உன்ரை மாமியைத் தூக்கப் பிடிக்க உனக்கும் ஒரு கை உதவி."

மகள் கோப்பையை எடுத்துக் கழுவினாள். முதுகு என் பக்கம். அவசரப்படாமல் கழுவினாள். துடைத்து வைத்தாள்.

"இடம் இல்லை அம்மா," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமான் முடிந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

நான் இரண்டாம் தரம் கேட்கிற ஆள் இல்லை. கோட்டைப் போட்டேன், பையை எடுத்தேன். அவள் லிஃப்டடி வரைக்கும் வந்து, சுகமாப் போட்டு வாங்கோ என்றாள். நான் கொண்டுபோன ரோல்ஸ் பொட்டலத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அதற்கு முன், வாசலுக்குப் போகிற வழியில் அந்தச் சின்ன அறையின் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்குகிற ஒரு மேசை நின்றது. வேறு ஒன்றும் இல்லை.